குழலில் நான்கு விரற்கடை

மாட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேலிக்கதவில் முழங்கையை ஊன்றி, வில்மா கில்கிறிஸ்ட் சீஸ் ரோல் தின்றுகொண்டிருக்கிறார். வலது தோளில் ரைஃபிள் தொங்குகிறது. முப்பது அடி தள்ளி நிற்கும் எருது அவரைப் பார்க்கிறது. அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. "அவசரம் அவனுக்கும் இல்ல, எனக்கும் இல்ல" என்பார், வாயில் ரொட்டியோடு. மாடு வேடிக்கை பார்க்காமல் இருக்க முடியாத பிராணி. ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும், மிஞ்சினால் பத்து. பிறகு ஒவ்வோர் அடியாக வந்து, அவருடைய கழுத்துக்குப் பின்னால் மூக்கை நீட்டி முகர்ந்து பார்க்கும். அப்போதுதான் வில்மா திரும்புவார். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் எதிர்ப்பக்கக் கொம்படிக்கு ஒரு கோடு இழுத்தால் இரண்டும் நெற்றியில் எங்கே வெட்டிக்கொள்ளுமோ, அந்த இடம். எருது மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நொடியில் விசை இழுபடும். நான்கு கால்களும் ஒரே சமயத்தில் மடியும். கையில் மிச்சமிருக்கும் ரோலை வாயில் போட்டுக்கொண்டு கத்தியை எடுப்பார்.

தபால் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் இதை நான் நூறு தடவையாவது பார்த்திருக்கிறேன். துவாட்டபெரேயிலிருந்து கடலோரம் ஓரேபுகி வரை, கடிதப்பெட்டி இருக்கும் எல்லாப் பண்ணை வாசலிலும் இருபத்திரண்டு வருடமாக நின்று கிளம்புகிறேன். வில்மாவும் அதே வாசல்களுக்குத்தான் போகிறார். பண்ணைக்காரர்கள் சொந்த மாட்டைச் சொந்தச் சாப்பாட்டுக்கு அறுத்துக்கொள்ளலாம், அந்தக் கறியை விற்கத்தான் கூடாது. ஆனால் கன்றிலிருந்து வாளியில் பால் காட்டி வளர்த்ததைத் தன் கையால் சுட யாருக்கும் மனம் வராது. அதற்குத்தான் வில்மா. சுட்டு, தோலுரித்து, குடலெடுத்து, தன் லாரியின் சங்கிலியில் தூக்கி மாட்டிக் கொண்டுபோவார். பத்து நாள் குளிர் அறையில் தொங்கவிட்டு, துண்டுபோட்டு, காகிதத்தில் சுற்றி, ஒவ்வொரு பொட்டலத்திலும் வீட்டுக்காரர் பெயரைப் பட்டையாக எழுதிக் கொடுத்துவிடுவார். பெரிய பண்டிகைக்கு முன்பு அவர் கைபேசி ஓயாது.

அறுபத்திரண்டு வயது. கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கே உரிய விதத்தில் 'ர'வை நாக்கில் போட்டு உருட்டி உருட்டிப் பேசுவார். யாரோடு பேசினாலும் அவரைச் சுற்றி வந்து நேர் எதிரே நின்றுகொள்வார். வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவரோடு பேச வேண்டுமென்றால் இறங்கச் சொல்வார். "என்னைப் பார்த்துப் பேசு போஸ்ட்டு, என் லாரியைப் பார்த்துப் பேசாதே" என்று என்னையே எத்தனையோ முறை அதட்டியிருக்கிறார். என் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. முதல் வாரமே 'போஸ்ட்டு' ஆகிவிட்டேன்.

அந்த ரைஃபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்ணைச் சாமான் கடையில் ரப்பர் பூட்ஸும் நாய்த்தீனியும் கிடந்த மூலையில், தள்ளுபடிச் சீட்டு தொங்க நின்றிருந்தது. இருப்பதிலேயே மலிவு. "முயலடிக்கப் பழகுறவங்களுக்குச் சரியா இருக்கும்" என்று கடைக்காரர் கொடுத்தாராம். பத்தொன்பது வருடம் ஆகிறது. கட்டையில் பூசிய சாயம் கன்னம் படும் இடத்தில் போய்விட்டது. தொலைநோக்கி கிடையாது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு, குழலின் நுனியில் நெல்மணி அளவுக்கு ஒரு உலோகக் குமிழ். பிளவுக்குள் குமிழை உட்கார வைத்தால் குமிழ் தொடும் இடத்தில் தோட்டா போய் விழும். வில்மா அதில் ஒரு திருகாணியைக்கூட மாற்றியதில்லை. மழையில் நனைந்தால் துடைப்பார், மாதம் ஒருமுறை எண்ணெய் விடுவார். அது ஒரு மாட்டுக்கு இரண்டாவது தோட்டாவைக் கேட்டதே இல்லை.

இதற்கு நேர் எதிர், அவர் கணவர் லெஸ்ஸின் தம்பி டூகல். லெஸ் பால் டாங்கர் ஓட்டுகிறவர், பேச்சே கிடையாது. அண்ணனுக்கும் சேர்த்து டூகல் பேசுவார். தன் மான் வேட்டைத் துப்பாக்கிக்குக் கட்டையை மாற்றினார், விசையை மாற்றினார், தொலைநோக்கியை மூன்று தடவை மாற்றினார், முன்னால் ஊன்றி நிற்க இரண்டு கால் வைத்தார், பிறகு மொத்தத்துக்கும் இலைதழை வண்ணம் அடித்தார். போன வருடம் மூன்று மானைத் தவறவிட்டார்.

"அண்ணி, உங்க கையில இருக்கிறது துப்பாக்கியே இல்ல, தகர பொம்மை. நான் ஒரு வாரம் வச்சிருந்தா ஆளே மாறிடும்."

"உன்னோடதுக்கு இன்னும் பாட்டுப்பெட்டி மட்டும்தான்டா வைக்கலை. அதையும் வச்சுட்டா மானுங்க டான்ஸ் ஆட வரும்."

"சைலன்சராவது போடுங்க அண்ணி. ஊர்ல அது இல்லாத துப்பாக்கி உங்களோடது ஒண்ணுதான். காது போயிடும்."

"குழலை அறுத்துத்தானே அதைத் திருகி மாட்ட மரை போடணும்? குழலை அறுத்தா குமிழ் போகுது. குமிழ் போனா நான் எங்கேடா பார்த்துச் சுடுவேன், உன் மூஞ்சியையா?"

"காதுக்கு மஃப் போட்டுக்கிட்டா?"

"அதை மாட்டிக்கிட்டா அவன் மூச்சு எனக்கு எப்படிக் கேக்கும்?"

இந்தக் கடைசிப் பதிலுக்கு யாரும் எதிர்ப் பேச்சு பேசியதில்லை. மாட்டின் மூச்சைக் கேட்டுச் சுடுகிறவர் என்பதுதான் இந்த வட்டாரத்தில் வில்மாவுக்குப் பெயர்.

ஏப்ரல் மாதம், தெற்குக் காற்று பலமாக அடித்த ஒரு காலையில், அந்தப் பெயருக்கு அடி விழுந்தது. டச்சுக் குடும்பத்துப் பெண் யானிக்கே ஆற்றோரம் பால் பண்ணை வைத்திருக்கிறார். அன்று இரண்டு எருதுகள். பிறந்த கிழமையையே பெயராக வைத்திருந்தார்: திங்கள், செவ்வாய். இரண்டும் சின்ன அடைப்புக்குள் நின்றன. சாலையோரம் அவர் பெட்டியில் நான் தபாலைச் செருகிக்கொண்டிருந்தபோது யானிக்கே கத்தியது எனக்குக் கேட்டது.

"சுடாதீங்க! பின்பக்க கேட் திறந்திருக்கு! வில்மா, சுடாதீங்க!"

எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு முழு வயல் இருந்தது. வில்மாவுக்கும் யானிக்கேக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை. வில்மா சுட்டார். திங்கள் மடிந்து விழுந்தது. வெடிச்சத்தத்துக்கு மிரண்ட செவ்வாய், மற்ற நாளாக இருந்தால் அடைப்புக்குள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியிருக்கும். அன்று நேராகத் திறந்த கேட் வழியாகப் பாய்ந்து ஆற்றுப்பள்ளத்தில் இறங்கி, வெள்ளம் கொண்டுவந்து போட்டிருந்த பழைய முள்கம்பிச் சுருளுக்குள் மாட்டிக்கொண்டது.

நான் வண்டியை விட்டு இறங்கி ஓடினேன். பின்னங்கால் தொடையிலிருந்து முட்டிவரை கிழிந்திருந்தது. கம்பியோடு சேர்த்து உதறிக்கொண்டு, கண் வெள்ளை தெரிய, அது தலையை இப்படியும் அப்படியும் வீசியது. வில்மா பத்தடி தள்ளி ரைஃபிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுடவில்லை.

"முடிச்சுடுங்களேன்!" என்றார் யானிக்கே, அழுகையோடு.

"தலையை ஆட்டுற மாட்டை நான் சுட மாட்டேன். குறி தப்புச்சுன்னா தாடை போயிடும். டாக்டரைக் கூப்பிடு."

மாட்டு வைத்தியர் வந்து மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, தையல் போட்டார். மருந்து உடம்பிலிருந்து இறங்க ஆறு வாரம் ஆகும், அதுவரை கறிக்கு ஆகாது என்றார். நொண்டுகிற மாட்டை லாரியில் ஏற்றி வேறெங்கும் அனுப்பவும் கூடாது. அவர் போன பிறகு யானிக்கே வில்மாவிடம் வந்தார்.

"கத்தினேனே வில்மா. தொண்டை கிழியக் கத்தினேனே."

வில்மா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "காத்தும்மா. இந்தப் பேய்க்காத்துல என்ன கேக்கும்?"

காற்று யானிக்கே பக்கமிருந்து வில்மாவை நோக்கித்தான் அடித்துக்கொண்டிருந்தது.

ஊர் சின்னது. வாரக் கடைசிக்குள் கதை எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. டூகல் தன் பழைய சைலன்சர் ஒன்றைக் கழற்றி, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனார். கிண்டலடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மேசையில் வைத்துவிட்டு, "வேணும்னா வச்சுக்கங்க, வேணாம்னா கதவுக்கு முட்டுக்கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, டீகூடக் குடிக்காமல் வந்துவிட்டாராம். அது மூன்று வாரம் மேசையிலேயே கிடந்தது. லெஸ் அதை நகர்த்தி நகர்த்திச் சாப்பிட்டாராம்.

நான்காவது வாரம், விடிகாலையில் நான் இன்வர்கார்கில் நகரத்துக்குத் தபால் எடுக்கக் கிளம்பும்போது, வில்மா சாலையோரம் நின்றிருந்தார். கையில் பூட்டிய துப்பாக்கிப் பெட்டி.

"போஸ்ட்டு, மர்டோ கடையில என்னை இறக்கி விடு. லாரியில போனா ஊரே பார்க்கும்."

மர்டோ சின்க்ளேர் துப்பாக்கி ரிப்பேர்காரர், வில்மாவோடு பள்ளியில் படித்தவர். எனக்கு மூட்டைகள் வர ஒரு மணி நேரம் இருந்ததால் நானும் உள்ளே போய் உட்கார்ந்தேன். மர்டோ ரைஃபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"உள்ளே கண்ணாடி மாதிரி வச்சிருக்கே. ஆனா ஒண்ணு வில்மா, நான் செய்யப்போற வேலைக்கு ஆகிற காசுல பாதித் துப்பாக்கி வந்துடும். மரையோட வர்றது புதுசா ஒண்ணு அலமாரியில நிக்குது. பேசாம அதை எடுத்துட்டுப் போயேன்."

"புதுசுக்கு என்னைத் தெரியாதே."

"துப்பாக்கிக்கு யாரைத் தெரியும்?"

"இதுக்குத் தெரியும்."

மர்டோ சிரித்துக்கொண்டே குழலைக் கழற்றிக் கடைசல் இயந்திரத்தில் பூட்டினார். குமிழைக் கழற்றிப் பின்னால் நகர்த்திப் பொருத்த வேண்டும், சைலன்சரின் பருமன் பார்வையை மறைக்கும் என்பதால் அதையும் பின்னாலிருக்கும் பிளவையும் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். இப்போது எங்களுக்கு முதுகு காட்டி நின்று, சுண்ணக்கட்டியால் குழலில் கோடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"நாலு விரல் அறுக்கட்டுமா, அஞ்சா?"

வில்மா பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"வில்மா, நாலா அஞ்சா?"

கடைக்குள் வேறு சத்தமே இல்லை. இயந்திரம் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. வில்மா மர்டோவின் முதுகை நிதானமாகப் பார்த்துக்கொண்டு, மடியில் கைகளைக் கோத்திருந்தார். நான் அவர் தோளைத் தொடப் போனேன். அதற்குள் மர்டோ மெல்லத் திரும்பினார். அவர் பார்த்த பார்வையிலேயே வில்மாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் கழுத்துவரை சிவந்தது.

மர்டோ சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வந்து எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார். "எத்தனை நாளா?"

"இடது சுத்தமா இல்ல. அது போய் வருஷக்கணக்கா ஆச்சு. வலது... ஆள் நேரா நின்னு பேசினா தெரியும்."

"மாட்டு மூச்சு?"

நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன்.

"கேக்கல. மூணு வருஷமா கேக்கல. விலா ஏறி இறங்குறதைப் பார்த்துத்தான் சுடறேன்."

"அப்புறம் ஏன் மஃப் போடாம இருந்தே?"

"அதைப் போட்டா, கேக்கலைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

மர்டோ தலையை ஆட்டினார். "இப்ப மட்டும் ஏன் வந்தே?"

"அந்த வலது காது என்ன ஆனா என்ன, அது என் பாடு. ஆனா சத்தத்துக்குத்தானே அந்தச் செவ்வாய்ப் பய மிரண்டான். நான் அவன்கிட்ட சத்தமில்லாம போயிருக்கணும்."

"சரி. ஆனா அறுத்தா அறுத்ததுதான் வில்மா. ஒட்டித் தர மாட்டேன். பத்தொன்பது வருஷம் கையில பழகினது மாறிடும். வெளிய போய் ஒரு நடை நடந்துட்டு வந்து சொல்லு."

வில்மா வெளியே போனார். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடக்கவில்லை. நடைபாதையில் நின்று, போகிற லாரிகளைப் பார்த்தார். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வலது காதைக் கையால் மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். திரும்பி வந்து, மர்டோவுக்கு நேர் எதிரே நின்று, "நாலு" என்றார்.

அதன்பிறகு மர்டோ ஒவ்வொரு கேள்விக்கும் இயந்திரத்தை நிறுத்தினார், கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அரைமணி வேலை இரண்டு மணி நேரம் ஆனது. அன்று தபால் எல்லாருக்கும் தாமதம். அறுத்த துண்டை மர்டோ நீட்டியபோது, "எனக்கு எதுக்கு? குப்பையில போடு" என்றார் வில்மா.

திரும்பும் வழியில் பாதித் தூரம் வந்த பிறகு வில்மா சொன்னார்: "யானிக்கேகிட்ட நீ எதுவும் சொல்லாதே. அது என் வேலை."

மறுநாள் அவர் வீட்டுப் பின்புறம் வேலிக்கம்பங்களின் மேல் டர்னிப் கிழங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் கரியால் ஒரு பெருக்கல் குறி. வில்மா மூன்றடி தூரத்தில் நின்று சுட்டார். சத்தம் உண்மையாகவே குறைந்திருந்தது, மாட்டுக் கொட்டகைக் கதவின் தாழ் விழுகிற அளவுதான். ஆனால் தோட்டா குறியில் விழவில்லை. குறிக்குக் கட்டைவிரல் அகலம் கீழே துளைத்தது. இரண்டாவதும் அங்கேயே. பத்தாவதும் அங்கேயே. குமிழையும் பிளவையும் உயர்த்தியதால் பக்கத்தில் நின்று சுடும்போது கண்ணும் குழலும் சேரவில்லை. தூரத்துக்குப் போனால் சரியாகிவிடும், ஆனால் வில்மா தூரத்திலிருந்து சுடுகிறவர் இல்லை. மாட்டின் நெற்றியில் கட்டைவிரல் அகலம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு விரல் மேலே பிடிச்சுச் சுட வேண்டியதுதானே அண்ணி?" என்றார் டூகல்.

"அறிவுக்குத் தெரியுதுடா. கைக்குத் தெரியலையே."

வேலை எதுவும் எடுக்கவில்லை. கைபேசி அடித்தால் லெஸ் எடுத்து, "இப்ப இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சில வீட்டுக்காரர்கள் பக்கத்து ஊர் ஆளை அழைத்துக்கொண்டார்கள். குளிர் அறையின் சங்கிலிகள் காலியாகத் தொங்கின. தினமும் காலையில் பன்னிரண்டு கிழங்கு, சாயங்காலம் பன்னிரண்டு. "சூப்புக்காவது ஒண்ணு விட்டு வையேன்" என்று லெஸ் கேட்டாராம். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான் என்று வில்மாவே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. "போஸ்ட்டு, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேனோ?" என்றார்.

மின்சாரக் கட்டணக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆறாவது வாரம் நான் தபாலோடு போனபோது யானிக்கேயின் வண்டி அங்கே நின்றிருந்தது. அவர் வேலியருகே, உடைந்த கிழங்குக் குவியலைப் பார்த்தபடி நின்றிருந்தார். வில்மா அவரைச் சுற்றி வந்து எதிரே நின்றார்.

"மருந்து நாள் முடிஞ்சிடுச்சு. செவ்வாய் சரியா மேயறது இல்ல. காலை இழுத்துக்கிட்டே நிக்குது" என்றார் யானிக்கே. "அந்தப் பக்கத்து ஊர் ஆளைக் கூப்பிட்டேன். லாரியைப் பார்த்ததுமே செவ்வாய் நொண்டிக்கிட்டே மூலைக்கு ஓடுது. தூரத்துல இருந்து சுடறேன்னாரு. வேணாம்னு அனுப்பிட்டேன். நீங்க ஆரம்பிச்சது, நீங்கதான் முடிக்கணும்."

"யானிக்கே, அன்னைக்குக் காத்துன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"காத்து இல்லம்மா. காது."

யானிக்கே கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேலிக்கம்பத்திலிருந்து ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்தார். பெருக்கல் குறியின் நடுவில், கரிக்கோடு இரண்டும் சேரும் இடத்தில், ஒரே ஒரு துளை.

"இது எப்ப சுட்டது?"

"இன்னைக்குக் காலைல."

"மத்தது?"

"இந்த வாரம் எல்லாம் அங்கேதான் விழுது. ஆனா கிழங்கு மூச்சு விடாதே."

"வியாழக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டு யானிக்கே வண்டியில் ஏறினார். ஏறியவர் மறுபடி இறங்கி வந்து, வில்மாவின் முகத்துக்கு நேரே நின்று சொன்னார்: "கேட்டை நானே பார்த்துச் சாத்திடறேன்."

லாரியைக் கண்டால் செவ்வாய் ஓடும் என்பதால் வில்மா என் தபால் வண்டியில் வந்தார். அதை அது தினமும் பார்க்கிறது. லெஸ் லாரியோடு சாலை வளைவுக்கு அப்பால் காத்திருந்தார். "எப்பவும் நிறுத்துற இடத்துல நிறுத்து. இன்ஜினை அணைக்காதே. எல்லாம் எப்பவும் போல இருக்கட்டும்" என்றார். அன்று காற்றில்லை. பனி இன்னும் புல்லில் இருந்தது. செவ்வாய் சின்ன அடைப்பில் தனியாக நின்றது. அடுத்த வயலில் யானிக்கேயின் கறவை மாடுகள் நாற்பது ஐம்பது மேய்ந்துகொண்டிருந்தன.

வில்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். செவ்வாய் காலை இழுத்துக்கொண்டு நான்கடி பின்வாங்கியது. அவர் திரும்பிக்கொண்டார். பத்து நிமிடம் ஆனது, பதினைந்து ஆனது. நான் கடிதங்களை அடுக்குவதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்துக்குமேல் வில்மா அசையாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். யானிக்கே வீட்டு வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அதன்பிறகு செவ்வாய் ஓரடி முன்னால் வைத்தது. நின்றது. இன்னொன்று. கடைசியில் அதன் மூச்சுப்புகை அவர் காலரைத் தொட்டது.

வில்மா திரும்பினார். ரைஃபிள் உயர்ந்தது. உயர்ந்து நின்றது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. அவருடைய கண் அதன் நெற்றிக்கும் விலாவுக்குமாகப் போய் வருவது தெரிந்தது.

கதவுத் தாழ் விழுந்ததுபோல் ஒரு சத்தம். செவ்வாய் நான்கு காலையும் மடித்து, படுக்கப் போவதுபோல் இறங்கியது. மறுபடி ஒருமுறைகூட அசையவில்லை. அடுத்த வயலில் ஒரே ஒரு பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு குனிந்து மேயத் தொடங்கியது.

வில்மா குனிந்து அதன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். ரைஃபிளைத் திறந்து காலித்தோட்டாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். கத்தியை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, ஒரு கையைத் தூக்கி, சாவியைத் திருகுவதுபோல் காட்டினார். நான் இன்ஜினை அணைத்தேன்.

அடுத்த வயல் மாடுகள் நாக்கைச் சுழற்றிப் புல்லைப் பிய்க்கும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. வில்மா அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்து, வலது காதின்மேல் விழுந்திருந்த நரைமுடியை ஒரு விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.